ஐந்து நாற்காலி, ஆறு பேர்

மியூசிக்கல் சேர் ஆடும்போது ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. ஆறு பேர் சுற்றி ஓடுகிறார்கள், ஐந்து நாற்காலி இருக்கிறது, பாட்டு நின்றதும் ஒருத்தர் அவுட். எல்லார் கண்ணும் ஓடுகிறவர்கள் மேலேயே இருக்கும். அந்த ஆறாவது நாற்காலியைத் தூக்கி ஓரமாக வைத்த புண்ணியவான் யார், எதற்கு வைத்தார் என்று கேட்டால் விளையாட்டே தெரியாதவன் என்பார்கள்.

ஒலிவி பிளேக்கின் 'தி அட்லஸ் சிக்ஸ்' நாவல் இந்த விளையாட்டைத்தான் ஆடுகிறது. என்ன, இதில் அவுட் ஆகிறவர் உயிரோடு வீட்டுக்குப் போக முடியாது.

(எச்சரிக்கை: கதையின் முக்கிய முடிச்சுகள் கீழே அவிழ்க்கப்படும். படிக்கும் உத்தேசம் இருப்பவர்கள் படித்துவிட்டு வரவும்.)

கதை இதுதான். பழைய அலெக்சாண்ட்ரியா நூலகம் எரிந்து போகவில்லை. ஒரு ரகசிய சங்கம் அதை ஒளித்துவைத்து இன்றுவரை காப்பாற்றி வருகிறது. பத்து வருடத்துக்கு ஒரு முறை உலகத்திலேயே திறமையான இளம் மந்திரவாதிகள் ஆறு பேரைப் பொறுக்கி எடுத்து, லண்டனுக்கு வெளியே இருக்கும் மாளிகைக்கு அழைப்பார்கள். ஒரு வருடம் படிக்கலாம். அதன்பின் ஐந்து பேருக்குத்தான் சங்கத்தில் இடம். ஆறாவது ஆள் என்ன ஆவார் என்பதை முதலில் மழுப்பிவிட்டுப் பிற்பாடு போட்டு உடைக்கிறார்கள்: அவரை மற்ற ஐவரும் கொல்ல வேண்டும்.

ஆறு பேரும் சும்மா சொல்லக்கூடாது, நல்ல வார்ப்பு. லிபி ரோட்ஸும் நிக்கோ டி வரோனாவும் இயற்பியல் சக்திகளையே வளைக்கிறவர்கள், கல்லூரியிலிருந்தே ஒருத்தரை ஒருத்தர் பார்த்தால் முறைப்பவர்கள். ரெய்னா மோரியிடம் செடிகொடிகள் பேசும். பரீசா கமாலி பிறர் மனதைப் படிப்பாள். டிரிஸ்டன் கெயின் மாயத் தோற்றங்களுக்குப் பின்னால் இருப்பதைப் பார்ப்பான். காலம் நோவா (நம்ம 'காலம்' இல்லை, அது அவன் பெயர்) அடுத்தவர் உணர்ச்சியைப் பிடித்துத் திருகுவான். ஒவ்வொரு அத்தியாயமும் ஒருவரின் கண் வழியே நகர்கிறது. டிரிஸ்டனும் காலமும் உட்கார்ந்து குடித்துக்கொண்டே ஒருவரை ஒருவர் எடைபோடும் இடங்களெல்லாம் அருமை. எழுதத் தெரிந்த ஆள்தான், அதில் சந்தேகமே இல்லை. அதனால்தான் கோபமும் கூட வருகிறது. மொக்கை புத்தகம் என்றால் மூடிவைத்துவிட்டுப் போய்விடலாமே.

கோபம் எதற்கு என்றால், இத்தனை கெட்டிக்கார ஆறு பேரும் யாரைக் கொல்வது என்றுதான் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நூலகத்தை ஏன் பூட்டி வைத்திருக்கிறீர்கள் என்று உட்கார்ந்து சண்டை போட ஒருத்தருக்கும் நேரமில்லை. நாவலாசிரியருக்கும் இல்லை.

பி.காம். படிப்பவர்கள் எகனாமிக்ஸ் பேப்பரில் பார்த்திருப்பார்கள். ஒரு இட்லியை ஒருவர் தின்றால் அடுத்தவருக்கு அந்த இட்லி கிடையாது. ஆனால் பித்தாகரஸ் தேற்றத்தை ஒருவர் கற்றுக்கொண்டால் அடுத்தவருக்கு அது ஒரு துளியும் குறையாது. அறிவு என்பது போட்டியில்லாச் சரக்கு. பால் ரோமர் 1990ல் எழுதிய கட்டுரையில் இந்த ஒரு குணத்தை வைத்துத்தான் பொருளாதார வளர்ச்சியையே விளக்கினார், 2018ல் நோபல் பரிசும் வாங்கினார். அப்படிப்பட்ட சரக்கைப் பத்து வருடத்துக்கு ஐந்து பேர் என்று ரேஷனில் கொடுப்பதற்குப் பொருளாதாரக் காரணம் எதுவும் கிடையாது. ஒன்றைத் தவிர. இருக்கிற சரக்கை வெளியே விடாமல் பிடித்துவைத்தால் விலை ஏறும். டி பீர்ஸ் கம்பெனி 20ம் நூற்றாண்டின் பெரும்பகுதி வைரத்துக்குச் செய்தது அதைத்தான். வைரத்தையாவது பூமியைத் தோண்டி எடுக்க வேண்டும். இங்கே அலமாரியில் இருக்கும் புத்தகம்!

அலெக்சாண்ட்ரிய சங்கம் தன் உறுப்பினர்களுக்கு என்ன கொடுப்பதாகச் சொல்கிறது என்று பாருங்கள். செல்வம், அதிகாரம், கௌரவம். காப்பாளர் அட்லஸ் பிளேக்லி ஆளாளுக்கு நேரில் போய் விரிக்கும் ஆசை வலை அது. அறிவு என்பது அந்தப் பட்டியலில் ஒரு அயிட்டம், அவ்வளவுதான். ஆக சங்கம் விற்பது உள்ளே நுழையும் சீட்டு. புத்தகங்கள் அந்தச் சீட்டுக்கு மேலே சுற்றிய பளபளப்புக் காகிதம்.

சங்கத்தின் தரப்பில் இரண்டு சாக்கு சொல்லப்படுகிறது. முதல் சாக்கு நெருப்பு. ஒருமுறை எரித்துவிட்டார்கள், திரும்ப எரிக்காமல் இருக்க ஒளித்துவைத்தோம் என்பது. கேட்கும்போது நெஞ்சைத் தொடும். வரலாற்றைப் பார்த்தால் சிரிப்புதான் வரும்.

ஏனென்றால் அலெக்சாண்ட்ரியா நூலகமே ஒன்றும் யோக்கியமான இடமில்லை. கி.பி. 2ம் நூற்றாண்டில் வாழ்ந்த மருத்துவர் கேலன் ஒரு கதை சொல்கிறார். துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் இருக்கும் புத்தகச் சுருள்களையெல்லாம் டாலமி அரசர்களின் ஆட்கள் பறிமுதல் செய்வார்களாம். பிரதி எடுத்து, பிரதியை உரிமையாளருக்குக் கொடுத்துவிட்டு, மூலத்தைத் தாங்களே வைத்துக்கொள்வார்களாம். ஏதென்ஸ் நகரம் பத்திரமாக வைத்திருந்த ஈஸ்கிலஸ், சோஃபகிளிஸ், யுரிப்பிடிஸ் நாடகங்களை இரவல் வாங்க மூன்றாம் டாலமி 15 டாலன்ட் வெள்ளி முன்பணம் கட்டினார். வாங்கியபின், முன்பணம் போனால் போகிறது என்று மூலத்தை அமுக்கிக்கொண்டு பிரதிகளைத் திருப்பி அனுப்பினார். அந்தக் காலத்துப் பணத்தில் அது பெரும் தொகை. இரவல் வாங்கிய புத்தகத்தைத் திருப்பித் தராதவர்களின் குலதெய்வம் என்று இவரைச் சொல்லலாம்.

அப்படி அமுக்கியதெல்லாம் என்ன ஆயிற்று? ஒரே ராத்திரியில் எல்லாம் எரிந்தது என்பது சினிமாக் கதை. கி.மு. 48ல் ஜூலியஸ் சீசர் துறைமுகத்தில் வைத்த தீ பரவியது உண்மை, எவ்வளவு சேதம் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை. அதன் பிறகும் நூலகம் இருந்தது. பராமரிக்கப் பணம் இல்லாமல், ஆள் இல்லாமல், கலவரங்களில் சிக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது. சோஃபகிளிஸ் எழுதியது 120க்கும் மேற்பட்ட நாடகங்கள். இன்று முழுதாக இருப்பவை 7. அந்த ஏழும் அலெக்சாண்ட்ரியாவின் பூட்டால் பிழைக்கவில்லை. பள்ளிகளில் பாடமாக வைத்தார்கள், கண்ட கண்ட ஊர்களில் கண்டவர்களும் பிரதி எடுத்தார்கள், அதனால் பிழைத்தன. நூலகத்தில் இருந்த நூல்களுக்காகக் கலிமாக்கஸ் 120 சுருளில் ஒரு பெரிய பட்டியல் தயாரித்தார். அந்தப் பட்டியலும் போய்விட்டது, துண்டுதுணுக்குதான் மிச்சம்.

ஒரு புத்தகத்தை நெருப்பிலிருந்து காப்பாற்ற உலகம் கண்டுபிடித்த ஒரே உருப்படியான வழி, அதை ஆயிரம் வீட்டில் வைப்பது. அந்த நூலகத்தை மீட்டதாகப் பெருமை பேசுகிற ஒரு சங்கம், எல்லாவற்றையும் ஒரே மாளிகைக்குள் வைத்துப் பூட்டுகிறது என்றால், நெருப்பிலிருந்து அது கற்றுக்கொண்டது என்ன? கதையிலேயே ஆறு பேர் வந்து சேர்ந்த கொஞ்ச நாளில் ஆயுதங்களோடு ஒரு கும்பல் அந்த மாளிகைக்குள் புகுந்துவிடுகிறது. மந்திரக் காவலெல்லாம் போட்ட இடம்!

இரண்டாவது சாக்கு கொஞ்சம் கனமானது. இந்த அறிவு ஆபத்தானது, எல்லார் கையிலும் கொடுக்கக் கூடாது என்பது. அணுகுண்டு செய்முறையை நோட்டீஸ் அடித்துத் தெருவில் கொடுப்பார்களா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். லிபியும் நிக்கோவும் சேர்ந்து வார்ம்ஹோலே படைக்கிறார்கள், அதை ஆளாளுக்குச் செய்தால் தெரு தாங்காது.

ஆனால் ஆபத்துக்குப் பயந்து பூட்டுகிறவன் சாவியை யாரிடம் கொடுப்பான்? நிதானமானவனிடம், மனசாட்சி உள்ளவனிடம். இந்தச் சங்கம் யாரைத் தேர்ந்தெடுக்கிறது? சக்தி அதிகமாக இருப்பவர்களை. அடக்கம், பொறுப்பு, இரக்கம் எதற்கும் மார்க் கிடையாது. எதிராளியின் மனதைத் திருகித் தானே உயிரை விடும்படி செய்யக்கூடிய காலம் நோவாவைக் கூப்பிட்டு உட்காரவைக்கிறது. போதாததற்கு, சேர்ந்து ஒரு கொலை செய்தால்தான் அட்மிஷன். மனசாட்சி உள்ளவன் அந்த இடத்திலேயே விலகிப் போய்விடுவான். ஆக இந்தத் தேர்வில் பாஸ் ஆவதற்கே ஒருவன் ஆபத்தானவனாக இருக்க வேண்டும். ஆபத்தான அறிவை அவனிடம் ஒப்படைப்பதற்குப் பெயர் பாதுகாப்பாம்.

பலி இல்லாமல் நூலகம் நிலைக்காது, அதுதான் மந்திர விதி, பின்னால் வரும் பாகங்களில் அதற்கும் காரணம் சொல்லப்படுகிறதே என்று ரசிகர்கள் வருவார்கள். ஃபேன்டஸியில் விதி வானத்திலிருந்து குதிப்பதில்லை சாமி. எழுதுகிறவர் வைப்பதுதான் விதி. நாற்காலியை எடுத்து ஓரமாக வைத்த கை ஆசிரியருடையது. அதை மந்திரம் என்று கைகாட்டிவிட்டால் கேள்வி நின்றுவிடும் என்பது, 'ரூல்ஸ் அப்படித்தான் சார், நாங்க என்ன பண்றது' என்று கவுன்ட்டருக்கு உள்ளே இருந்து வரும் பதில் மாதிரி.

நிஜ உலகில் மந்திரவாதிகளின் ரகசிய சங்கம் ஒன்று உண்மையாகவே அடித்துக்கொண்ட கதை இருக்கிறது. நாவலை விட அது சுவாரசியம். 1888ல் லண்டனில் தொடங்கிய 'கோல்டன் டான்' சங்கம். கவிஞர் டபிள்யூ. பி. யேட்ஸ் அதில் உறுப்பினர். அப்போது இளைஞராக இருந்த அலிஸ்டர் குரோலியும் உறுப்பினர். உள்வட்டம், வெளிவட்டம், படிநிலைகள், சத்தியப் பிரமாணம் எல்லாம் உண்டு. குரோலியின் நடத்தை பிடிக்காமல் லண்டன்காரர்கள் அவரை உள்வட்டத்தில் சேர்க்க மறுத்தார்கள். தலைவர் மேதர்ஸ் பாரிசில் இருந்தார், அவர் அங்கேயே குரோலிக்குத் தீட்சை கொடுத்து, லண்டன் அலுவலகத்தைக் கைப்பற்றச் சொல்லி அனுப்பிவிட்டார்.

1900 ஏப்ரலில் பிளைத் ரோடு 36ம் எண் கட்டடத்தில் நடந்ததுதான் உச்சக்கட்டம். குரோலி ஸ்காட்லாந்து ஹைலேண்ட் உடையில், முகத்தில் முகமூடியோடு வந்து நின்றார். உலகத்தின் ரகசிய சக்திகளையெல்லாம் கையில் வைத்திருந்ததாக நம்பிய இரண்டு கோஷ்டிகள், கடைசியில் நம்பியது பூட்டு மாற்றுவதையும், கட்டட உரிமையாளரையும், போலீஸ் கான்ஸ்டபிளையும், கோர்ட்டையும்தான். ஒரு வாடகை அறைக்கு!

பிறகு நடந்ததுதான் முக்கியம். குரோலி சங்கத்தின் ரகசியச் சடங்குகளைத் தன் 'ஈக்வினாக்ஸ்' பத்திரிகையில் அச்சடித்து வெளியிட்டார். 1910ல் மேதர்ஸ் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார், அப்பீலில் தடை உடைந்தது. 1937லிருந்து 1940க்குள் இஸ்ரேல் ரெகார்டி என்பவர் சடங்குகளை நான்கு தொகுதிகளாக மொத்தமாகவே வெளியிட்டுவிட்டார். உலகம் அழியவில்லை. யாருக்கும் மந்திர சக்தி குறையவும் இல்லை, கூடவும் இல்லை. அந்தச் சங்கத்தில் விலை போன ஒரே பொருள் 'உனக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்' என்பதுதான். அது அச்சில் ஏறியதும் காற்று போன பலூன்.

சரி, ஆசிரியருக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். அதனால்தான் நாவலில் ஃபோரம் என்று ஓர் எதிர் அமைப்பை வைத்திருக்கிறார். சங்கம் பதுக்கிய அறிவை உலகத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்பது அவர்கள் கட்சி. நாவலில் இருப்பதிலேயே நேர்மையான வாதம் அதுதான். அதை யார் கையில் கொடுத்திருக்கிறார்? சந்தேகப்படும்படியாகப் பேசுகிற, பின்னால் உள்நோக்கம் இருக்கும் போலத் தெரிகிற ஆட்களிடம். வந்து பேசுகிறார்கள், நம் கதாநாயகர்கள் உதட்டைச் சுழித்துவிட்டு மாளிகைக்குத் திரும்பிவிடுகிறார்கள். நல்ல வாதத்தைக் கெட்டவன் வாயில் வைத்துவிட்டால் அதற்குப் பதில் சொல்லும் வேலை மிச்சம். பழைய தந்திரம்.

லிபியின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். அவளுடைய சகோதரி கேத்தரின் நோய்வாய்ப்பட்டுச் சிறு வயதிலேயே இறந்துபோனவள். அந்தக் குற்ற உணர்ச்சியைச் சுமந்துகொண்டுதான் லிபி நாவல் முழுக்க நடமாடுகிறாள். இப்போது அவள் உட்கார்ந்திருப்பது மனிதகுலத்தின் மொத்த ரகசிய அறிவும் குவிந்திருக்கும் நூலகத்தில். அப்படியென்றால் இத்தனை நூற்றாண்டாக எத்தனை கேத்தரின்களுக்கான மருந்து இந்த அலமாரிகளில் தூங்கியது? இந்த ஒரு கேள்வியை வைத்தே முழு நாவலும் எழுதலாம். ஆறாவது ஆள் சாவது ஒரு கொலை. பூட்டின கதவுக்கு வெளியே செத்தவர்களுக்குக் கணக்கே இல்லை, நாவல் அவர்களை எண்ணத் தொடங்கவும் இல்லை.

'எல்லாரையும் கெட்டவர்களாகக் காட்டியிருக்கிறாரே, அதுதான் விமர்சனம்' என்று டார்க் அகாடமியா ரசிகர்கள் ஜல்லியடிப்பார்கள். விமர்சனமா இல்லையா என்பதைப் புத்தகம் வாசகரிடம் ஏற்படுத்தும் ஆசையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். இதைப் படித்து முடித்தவர்கள் இணையத்தில் தேடுவது 'அந்த ஆறு பேரில் நீங்கள் யார்' என்ற குவிஸ். மெழுகுவர்த்தி, தோல் அட்டை போட்ட புத்தகம், கறுப்பு கோட், மழை பெய்யும் ஜன்னல். எல்லாருமே தங்களை அழைப்பு வந்தவராகத்தான் கற்பனை செய்கிறார்கள். அழைப்பு வராத கோடிக்கணக்கான பேரில் ஒருவராக யாரும் கற்பனை செய்வதில்லை, புத்தகமும் அந்தப் பக்கம் ஒரு ஜன்னலைக்கூடத் திறந்துவைக்கவில்லை. பதுக்கலைக் கண்டிப்பதாகச் சொல்லிக்கொண்டு, பதுக்கல்காரர்களோடு உட்கார்ந்து காபி குடிக்கும் ஆசையை ஊட்டுகிற புத்தகம் விமர்சனம் ஆகாது. அது சங்கத்தின் விளம்பரம்.

இதெல்லாம் கதைதானே, எதற்கு இவ்வளவு டென்ஷன் என்றால், பூட்டு கதையில் மட்டும் இல்லை. ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற அமெரிக்க இளைஞர் எம்.ஐ.டி. நெட்வொர்க் வழியாக ஜேஸ்டோர் ஆய்விதழ்க் களஞ்சியத்திலிருந்து லட்சக்கணக்கான கட்டுரைகளை இறக்கினார். 2011 ஜனவரியில் கைது. ஜேஸ்டோர் அவரோடு சமரசம் ஆகிவிட்டது, அரசு வக்கீல்கள் விடவில்லை. 13 குற்றச்சாட்டுகள், பல பத்தாண்டுகள் சிறைக்கு வாய்ப்புள்ள வழக்கு. 2013 ஜனவரியில், விசாரணை தொடங்கும் முன்பே, 26 வயதில் தற்கொலை செய்துகொண்டார். 2011 செப்டம்பரில் அதே ஜேஸ்டோர், 1923க்கு முன் அமெரிக்காவில் வெளியான ஆய்விதழ்க் கட்டுரைகளை எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. அதனால் ஜேஸ்டோருக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை. மாளிகை இல்லை, மந்திரம் இல்லை, கறுப்பு கோட் இல்லை. ஒரு லாகின் பக்கம்தான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 'தி அட்லஸ் சிக்ஸ்' வெளியான கதை, அதன் உள்ளே இருக்கும் கதைக்கு நேர் எதிர். ஒலிவி பிளேக் என்பது புனைபெயர், ஆசிரியரின் பெயர் அலெக்சீன் ஃபரோல் ஃபோல்முத். 2020ல் எந்தப் பெரிய பதிப்பகத்தின் அழைப்புக்கும் காத்திருக்காமல் அவரே சொந்தமாக நாவலை வெளியிட்டார். முன்பின் தெரியாத வாசகர்கள் படித்து, டிக்டாக்கில் வீடியோ போட்டு, கைக்குக் கை பரப்பினார்கள். அதன் பிறகுதான் பெரிய பதிப்பகங்கள் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. டார் நிறுவனம் வாங்கி 2022 மார்ச்சில் திருத்திய பதிப்பைக் கொண்டுவந்தது, 2024 ஜனவரிக்குள் அடுத்த இரண்டு பாகங்களும் வந்து முடிந்தன. யாரிடமும் நுழைவுச் சீட்டு கேட்காத வாசகர்கள் தூக்கிவிட்ட புத்தகம் இது. அந்த மாளிகைக்கு அப்படிப்பட்ட வாசகர் ஒருவர் வந்து கதவைத் தட்டியிருந்தால் அட்லஸ் பிளேக்லி திறந்திருக்கவே மாட்டார்.